வெட்டின டயர்

சாய்ந்தமருது ஜவுபர் பதினான்கு வருடமாக மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிறவன். விடியச் சுபஹு தொழுத கையோடு கடற்கரைக்குப் போவான். தோணிகள் கரைக்கு வந்ததும் சூரையோ கீரியோ பாரையோ கிடைத்ததை எடுப்பான். பின் சீட்டில் கட்டிய பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு மேற்கே திரும்புவான். காரைதீவுச் சந்தி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை எல்லாம் தார் போட்டு வழுவழுத்த காப்பெட் வீதி. வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் வட்டைகளுக்குள் இறங்கிவிட்டால் வாய்க்கால் கட்டின்மேல் செம்மண்ணும் சரளையும் கொட்டிய கிறவல் பாதைதான். காப்பெட்டில் ஓடுகிற தூரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் கிறவலிலும் ஓட வேண்டும். அவனிடம் மீன் வாங்குகிறவர்கள் அந்தப் பாதை நெடுகத்தான் இருந்தார்கள்.

இந்த இரண்டு பாதைக்கும் ஒரே டயர் பிடிப்பதுதான் அவனுக்குப் பெரிய பாடு. வீதிக்கென்று செய்த வழுவழுத்த டயரைப் போட்டால் கிறவலில் சின்னக் கற்கள் அடியில் உருண்டு, பெட்டியோடு சேர்த்து ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். ஒருமுறை யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரிய கட்டைகள் வைத்த டயர் ஒன்றைப் போட்டான். அது கிறவலைக் கவ்விப் பிடித்தது உண்மைதான். ஆனால் காப்பெட்டில் வண்டு மாதிரி இரைந்துகொண்டே ஓடி, நாலு மாதத்தில் நடுக்கட்டையெல்லாம் தேய்ந்து தட்டையாகிப் போனது. ஒரு மழை நாளில் மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் பிறேக் பிடித்தபோது வழுக்கி, ஒரு பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. இந்த மாரி தொடங்கும்போது அந்த டயர் மொட்டையாகியிருந்தது.

கல்முனையில் டயர் கடை வைத்திருந்த சீனிமுகம்மது ஹாஜியார், ஜவுபரின் மனைவி ஷாஹினா காக்கா என்று கூப்பிடுகிற மூத்த சகோதரர். ஊரில் புருஷன் பெண்சாதிக்குள் பிணக்கு வந்தால்கூடத் தீர்த்துவைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜவுபர் எந்தக் கடைக்குப் போனாலும் தன்மேல் அடிக்கிற மீன் வாடையை நினைத்து வாசலில்தான் நிற்பான். ஹாஜியார் மட்டும் அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்துவார். அந்த ஒன்றுக்காகவே அவன் அவருக்கு உயிரையும் கொடுப்பான்.

மொட்டை டயரை மாற்றப் போன அன்றைக்கும் இருத்தினார். எவ்வளவு பாரம் ஏற்றுகிறாய், காப்பெட் எத்தனை மைல், கிறவல் எத்தனை மைல், மழைக்கும் ஓடுவாயா, பின் சில்லுக்குக் காற்று எவ்வளவு அடிக்கிறாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு மூன்று டயர்களை நிலத்தில் போட்டார். ஒன்று வீதி டயர். ஒன்று கட்டை டயர். மூன்றாவதை எழுப்பி நிறுத்தி விரலால் தடவிக் காட்டினார்.

"இதப் பாரு. நடுவுல வரி விடாமப் போகுது. காப்பெட்டுல ஓடக்குள்ள இதுதான் றோட்டுல படும். ரெண்டு பக்கமும் கட்டை வெச்சிருக்கி. கிறவல்ல வண்டி சரியப் பாத்தா அது மண்ணப் புடிக்கும். ஒண்ட மாதிரி ஆளுக்கு இத விட்டா வேற இல்ல."

ஜவுபருக்கு அது அப்படியே மனதில் பட்டது. இத்தனை வருடமும் தான் தேடியது இதைத்தான் என்று நினைத்தான். அந்த டயர் வேறு அளவு. உன் சில்லுக்குரியது நாளைக்கு வரும், எடுத்து வைக்கிறேன் என்றார் ஹாஜியார். மறுநாள் மோட்டார் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு மத்தியானம் ளுஹர் தொழப் போனான். திரும்பி வந்தபோது பின் சில்லில் புது டயர் கறுகறுவென்று மின்னிக்கொண்டிருந்தது. புது டயருக்குரிய விலையைக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஒன்பது நாள் நன்றாக ஓடியது. அவன் சந்தோஷத்தில் கண்டவர்களிடமெல்லாம் டயர் புராணம் பாடினான். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் இன்பாஸ். மருதமுனையைச் சேர்ந்த வாத்தியார். வரிப்பத்தான்சேனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். அவருடைய மகள் றிஸ்லாவும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு. பெட்ரோல் தாங்கியின்மேல் வெள்ளைச் சீருடையோடு அவளை இருத்திக்கொண்டு அவர் வருவார். காலை ஏழு மணிபோல வாய்க்கால் கட்டில் இருவரும் எதிர்ப்படுவார்கள். அந்தப் பிள்ளை கைகாட்டும். ஒருநாள் இன்பாஸின் பின் சில்லு கிறவலில் சறுக்கி வண்டி குறுக்கே நின்றது. ஜவுபர் இறங்கி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான். உங்களுக்கும் என்னைப்போலக் காப்பெட் பாதி கிறவல் பாதிதானே, என்னுடைய மச்சானின் கடைக்குப் போங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னான்.

பத்தாம் நாள் விழுந்தான்.

எதிரே உழவு மெஷின் ஒன்று பின்னால் இழுவைப் பெட்டியோடு வந்தது. அதற்கு வழிவிட ஒதுங்கினான். பின் சில்லில் ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்தது அவன் வாய்க்கால் சரிவில் கிடந்தான். முழங்கைத் தோல் உரிந்து கிறவல் மண் அப்பியிருந்தது. பெட்டி திறந்து, ஐஸும் கீரிமீனும் சேற்றுக்குள் வழிந்து போயிருந்தன.

உழவு மெஷின்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். அவர் ஆலையடிவேம்புச் சின்னப்போடி. கூலிக்கு உழ வந்தவர். அவரும் சேர்ந்து மீனைப் பொறுக்கினார். வாய்க்காலில் அலசினால் விற்கலாம் தம்பி என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஜவுபர் ஒரு மீனை எடுத்துப் பார்த்தான். செவுளுக்குள் கிறவலும் மாட்டுச் சாணமும் அடைத்திருந்தன. அதைக் கழுவி இன்னொருவன் வீட்டுச் சட்டிக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சின்னப்போடியிடம் மண்வெட்டி வாங்கிக் கட்டோரம் குழி தோண்டி அத்தனையையும் புதைத்தான். பிறகு இருவருமாக மோட்டார் சைக்கிளை மெஷின் பெட்டியில் ஏற்றி வரிப்பத்தான்சேனையில் ஸைனுலாப்தீனின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள்.

ஸைனுலாப்தீன் சில்லைக் கழற்றி நிலத்தில் போட்டுக் குந்தியிருந்து பார்த்தார். பக்கக் கட்டைகள் நாலைந்து வேரோடு பிய்ந்து போயிருந்தன. அந்த இடத்தால் டியூப் பிதுங்கி வெடித்திருந்தது. மிச்சமிருந்த வெட்டு ஒன்றுக்குள் பெருவிரலை விட்டு இழுத்தார். விரல் கரிபிடித்த மாதிரி வந்தது. பொலிஷ். வெட்டின் அடியில் வெள்ளை நூல்கள் தெரிந்தன.

"புது டயர்ல நூல் தெரியாது ஜவுபர். இது ஆரோ ஓடித் தேஞ்ச டயர். மொட்டையானதுக்குப் பொறகு சூட்டுக் கத்தியால வெட்டு விழுத்தி, பொலிஷ் பூசியிருக்கானுகள்."

டயரைத் திருப்பினார். எந்தக் கிழமை எந்த வருடம் செய்தது என்று நாலு இலக்கம் பக்கச் சுவரில் இருக்கும். அந்த இடத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். இதை எங்கே வாங்கினாய் என்று ஸைனுலாப்தீன் கேட்டார்.  ஜவுபர் டயரைத் தொட்ட தன் கையில் ஒட்டியிருந்த பொலிஷை மோந்து பார்த்தான். இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை. பதினான்கு வருடம் மீன் குடலுக்குள் கை விட்டு வாழ்ந்தவன் அவன். அந்த வாடைக்கு அவனுக்குக் குமட்டியது. எழுந்துபோய்க் கராஜுக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

டயரைப் பசளைப் பை ஒன்றுக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் அஸர் நேரம் ஆகியிருந்தது. கடை வாசலில் பின் சில்லு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. வாசலோர மர வாங்கில் இன்பாஸ் இருந்தார். அவனைக் கண்டதும் சிரித்தபடி, நீங்கள் சொல்லித்தான் வந்தேன், ஹாஜியார் என் அளவு டயர் எடுக்கப் பின்னால் போயிருக்கிறார் என்றார். ஜவுபர் தலையை ஆட்டிவிட்டு, சொந்தக்காரன் என்ற உரிமையில் பக்கத்து ஒழுங்கையால் பின்வளவுக்குப் போனான்.

தகரக் கொட்டில் ஒன்று. அதைச் சுற்றிப் பழைய டயர்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. மூலையில் யாரோ தின்றுவிட்டு எறிந்த சோற்றுப் பார்சல் ஒன்றை எலி கிழித்துக்கொண்டிருந்தது. கொட்டிலுக்குள் ஹாஜியார் ஜுப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெனியனோடு முக்காலியில் இருந்தார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு மொட்டை டயர். கையில் கரண்டில் சூடேறிய கத்தி. அது ரப்பருக்குள் இறங்கி வர, கறுப்புச் சுருள் ஒன்று புகைந்துகொண்டு கழன்று விழுந்தது. நடுவில் விடாமல் ஒரு வரி, இரண்டு பக்கமும் கட்டை. கடையில் தனக்கு விரலால் தடவிக் காட்டிய அதே அழகை அவர் ஒரு சிற்பியைப் போல உருவாக்கிக்கொண்டிருந்தார். அத்தர் வாசமும் ரப்பர் எரிகிற நாற்றமும் ஒன்றாக வந்தன. 

ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிடவில்லை. பையையும் அவன் முழங்கையையும் பார்த்துவிட்டு, விழுந்தாயா, எலும்பில் ஏதும் பட்டதா என்று பரிவோடுதான் கேட்டார். அந்தப் பரிவு ஜவுபருக்குச் சேற்றில் கிடந்ததைவிட அருவருப்பாக இருந்தது.

"புதுசு எண்டுதானே மச்சான் தந்தீங்க" என்றான்.

"அண்டைக்கு ஒண்ட அளவுல வரல்ல. நீயும் அவசரம் எண்டு அந்தரப்பட்டாய். வெட்டின டயர் எண்டா ஓடாத டயர் எண்டில்ல ஜவுபர், எத்தின பேர் ஓடுறானுகள். நீ ஏத்துற பாரம்தான் கூடிப்போச்சி."

அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உள் தட்டிலிருந்து கடதாசி சுற்றிய டயர் ஒன்றை எடுத்து அவன் தோளில் மாட்டினார். இது அசல், காசு வேண்டாம், குடும்பத்துக்குள் இதைப் பற்றிக் கதை வேண்டாம் என்றார். பிறகு வெட்டி முடித்த டயருக்குப் பொலிஷைத் துணியில் தொட்டு இரண்டு சுற்றுப் பூசி, ஜுப்பாவைப் போட்டுக்கொண்டு, அதை உருட்டியபடி முன்கடைக்குப் போனார்.

ஜவுபரும் பின்னால் போனான். வாங்கிலிருந்த இன்பாஸ் அவன் தோளிலிருந்த டயரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இன்னொண்டா ஜவுபர் காக்கா?"

ஹாஜியார் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு மின்னும் டயரை இன்பாஸின் சில்லில் ஏற்றத் தொடங்கியிருந்தார்.

"ஓம் சேர்" என்றான் ஜவுபர். "முன் சில்லுக்கு."

சொல்லிவிட்டு வீதியில் இறங்கி நடந்தான். சாய்ந்தமருது வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தான். அந்த வார்த்தை எப்படித் தன் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது என்று யோசித்துக்கொண்டே போனான். ஹாஜியாரை நினைத்து வந்த அருவருப்பு பாதி வழியில் தன் பக்கம் திரும்பியது. தோளில் கிடந்த டயர் உடம்பில் படுகிற இடமெல்லாம் கூசியது.

வீட்டில் மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான். ஷாஹினா பொழுதுபட்டு மஃரிபு தொழுதுவிட்டு வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

"காக்கா அப்பிடி வெட்டுறது எனக்குத் தெரியும். உங்களுக்கு நல்லதாப் பாத்துக் குடுக்கச் சொல்லித்தான் சொல்லியிருந்தன்" என்றாள்.

அப்போ அந்த மற்ற டயர்களையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டான். வருகிறவர்கள் வாங்குவார்கள், அதை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்றாள் அவள். அவள் கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகிறவள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்தான். எழுந்து கையைக் கழுவினான். திரும்பவும் கழுவினான்.

மறுநாள் மீன் எடுக்கப் போகவில்லை. முதல் பஸ்ஸில் ஹாஜியார் தந்த டயரையும் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கட்டின் தொடக்கத்தில், காப்பெட் முடிந்து கிறவல் இறங்குகிற இடத்தில் நின்றான். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்பாஸ் வந்தார். வழக்கம்போலப் பிள்ளை கைகாட்டியது. ஜவுபர் இரண்டு கையையும் நீட்டி மறித்தான்.

"சேர், பிள்ளைய முதல்ல இறக்குங்க."

அவன் முகத்தைப் பார்த்து இன்பாஸ் மகளை இறக்கிவிட்டார். ஜவுபர் அவருடைய பின் சில்லருகே நிலத்தில் குந்தி, வெட்டுக்குள் விரலை விட்டுக் கறுப்பைக் காட்டினான். நூலைக் காட்டினான். இலக்கத்தை ராவிய இடத்தைக் காட்டினான். தான் விழுந்ததையும் கொட்டிலில் கண்டதையும் சொன்னான். இன்பாஸும் குந்தியிருந்து கேட்டார். எல்லாம் கேட்டு முடிந்ததும் எழுந்து, கைலேஞ்சியால் விரலைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"நேத்து நான் வாங்கில இருக்கக்குள்ளயே இது உங்களுக்குத் தெரியும்."

"ஓம் சேர்."

"முன் சில்லுக்கு எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"கடையிலிருந்து ஊட்டுக்கு நான் இதுலதான் போனன். இப்ப மகளையும் வெச்சிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கன்."

 ஜவுபர் கொண்டுவந்த டயரை முன்னால் வைத்தான். இது அசல் டயர், உங்கள் சில்லும் இதே அளவுதான், ஸைனுலாப்தீனிடம் போய் உங்கள் சில்லுக்கே போட்டுவிடுவோம், எனக்கு வேண்டாம் என்றான். இன்பாஸ் அந்த டயரைத் தொடவில்லை.

"உங்கட வாய மூட அந்தாள் தந்த சாமான் இது. இதுல என்ட மகள ஏத்த மாட்டன்" என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. றிஸ்லாவின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வண்டியைத் தள்ளி, மறு கையால் மகளைப் பிடித்தபடி பள்ளிக்கூடத்தை நோக்கிக் கிறவலில் நடந்தார். இரண்டு மைலுக்குக் குறையாது. பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கைகாட்டவில்லை.

ஜவுபர் அந்த டயரோடு நேரே கல்முனைக்குப் போனான். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். ஹாஜியார் யாருக்கோ மூன்று டயர்களை நிலத்தில் போட்டு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஜவுபர் வாசலில் நிற்காமல் உள்ளே போய், கடதாசி பிரிக்காத டயரை அவர் காலடியில் வைத்தான்.

"இந்தாங்க மச்சான். நான் கதைக்காம இருக்கத் தந்த டயர். நான் கதைச்சிட்டன், அதால இது எனக்கு இல்ல."

பின்வளவில் மொட்டை டயருக்கு வெட்டு விழுகிறது, விரும்பினவர்கள் போய்ப் பார்க்கலாம் என்று நின்றவர்களுக்கும் சொன்னான். ஹாஜியார் பொறுமையாகச் சிரித்தார். இவர் என் தங்கச்சியின் மாப்பிள்ளை, கீழே விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது, மனதில் வைக்காதீர்கள் என்றார். ஒருவர் சிரித்தார். ஒருவர், ஹாஜியாரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும் என்றார். குடும்ப விஷயத்தைக் கடைத்தெருவில் அவிழ்க்கிறானே, சீ, என்று இன்னொருவர் முகத்தைச் சுளித்தார். அந்தச் 'சீ' தனக்கு விழுந்தது ஜவுபருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரேயொரு கிழவர் மட்டும் ஜவுபரின் பக்கத்தில் வந்து, எப்படிக் கண்டுபிடிப்பது, காட்டு என்றார். தொங்கிய டயர்களில் ஒன்றைப் பிடித்து ஜவுபர் காட்டினான். கிழவரும் விரலை விட்டு எடுத்து, அது கறுத்ததைப் பார்த்தார். கடையை விட்டு இறங்கிப் போனார்.

கடை மூடப்படவில்லை. இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. இன்பாஸ் தன் டயரைக் கழற்றிக்கொண்டு வந்தபோது ஹாஜியார் மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்வி. ஷாஹினா நாலு நாள் ஜவுபரோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கதைத்தாள், ஆனால் காக்காவின் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குள் ஒரு கலியாணம் வந்தது. ஜவுபருக்குச் சொல்லவில்லை.

வண்டி ஸைனுலாப்தீனின் கராஜில் சில்லில்லாமல் நின்றது. கடையில் அது நடந்த வாரத்துச் சனிக்கிழமை இன்பாஸ் ஜவுபரின் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். அம்பாறைக்கு டயர் வாங்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். ஜவுபர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் போகும்போது இன்பாஸ் சொன்னார்:

"உங்கள மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதீங்க. என்ன பாக்கணும் எண்டு உங்களுக்குத் தெரியும். அதுக்காகத்தான் கூப்பிட்டன்."

அம்பாறைக் கடையில் சிங்கள முதலாளி அவர்களைப் பார்த்து அலுத்துப்போனார். ஜவுபர் ஒவ்வொரு டயரையும் கடதாசி பிரிக்கச் சொன்னான். நாலு இலக்கத்தையும் படித்தான். மூன்று வருடத்துக்கு முந்தியதை ஒதுக்கினான். வெட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் விட்டான். பாரம் தாங்குகிற அளவைப் பக்கச் சுவரில் தேடிப் பார்த்தான். கடைசியில் நடுவில் வரி விடாமல் போகிற, ஓரங்களில் குட்டையான கட்டைகள் வைத்த டயர்களில் இரண்டு தேறின. ஒன்று அவனுக்கு, ஒன்று இன்பாஸுக்கு. மகளை முன்னால் இருத்துவதால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள், கிறவலில் துள்ளாது, ஆனால் காப்பெட்டுக்கு ஏறுவதற்கு முன் காற்று மிகவும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். இன்பாஸ் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டக்டர் டயர்களைப் பின்னால் வைக்கச் சொன்னார். இருவரும் பின் சீட்டுக்குப் போய், ஆளுக்கொரு மூலையில், தங்கள் டயரைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சாய்ந்தமருது வந்ததும் ஜவுபர் எழுந்து ஸலாம் சொன்னான். இன்பாஸ் யன்னலைப் பார்த்தபடி பதில் சொன்னார். ஜவுபர் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். பஸ் மருதமுனைப் பக்கம் போனது.